முஸ்டாங் வேறு, கார்வெட் வேறு

"1967 ஃபோர்டு முஸ்டாங் காரில் தகடு முழுவதையும் தூக்கிவிட்டு ஃபைபர் கிளாஸ் (கண்ணாடி இழை) போடலாம், செவ்ரோலெட் கார்வெட் காரே அப்படித்தானே வந்தது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. 1953 முதலே கார்வெட்டின் மேல்கூடு ஃபைபர்தான், ஆனால் அந்தக் காலத்துக் கார்வெட்டுக்குக் கீழே தனியாக ஒரு இரும்புச் சட்டம் உண்டு, சுமையெல்லாம் அதன் தலையில். முஸ்டாங்குக்கு அப்படி எதுவும் கிடையாது. கூரை, பின்பக்கத் தகடுகள், தரை எல்லாம் சேர்த்து வெல்டிங் செய்த அந்தக் கூடுதான் சட்டமே. அதை வெட்டி ஃபைபர் ஒட்டினால் வண்டி முறுக்கிக்கொள்ளும், கதவு ஒழுங்காகச் சாத்தாது.

போல்ட்டில் நிற்கிற பானெட், முன் ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலே வரும் தகடு), டிக்கி மூடி இவற்றைத் தாராளமாக மாற்றலாம், முஸ்டாங்கை வைத்தே செய்த 1965 ஷெல்பி ஜிடி350-லேயே ஃபைபர் பானெட் வந்ததுதான். மெல்லிய ரேஸ் பானெட் என்றால் பழைய லாட்ச்சை (கொக்கிப் பூட்டை) மட்டும் நம்பாமல், மூடி திறந்துகொள்ளாதபடி பானெட் பின் (பூட்டு ஊசி) போடுங்கள். அப்புறம் ஒன்று, பலரும் மறப்பது: ஃபைபரில் மின்சாரம் ஓடாது, தகடு வழியாக எர்த் எடுத்த விளக்குகளுக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். ஃபைபர் கதவு? ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டுகிற வண்டிக்குச் சரி, அதுவும் உள்ளே ரோல் கேஜ் (ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) இருந்தால். ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.