செம்பு ஒயரில் கேட்பவனுக்குக் காது இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியில் நாம் கூடி, ஸ்பீக்கருக்குச் செம்பு ஒயரும் வெள்ளி ஒயரும் மாற்றி மாட்டிப் பாட்டுக் கேட்டோம். வித்தியாசம் தெரியாத ஒரு தம்பியின் காதைக் குறை சொல்லி அனுப்பினீர்கள். அதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். வெள்ளிதான் உசத்தி என்ற அண்ணன் நேற்று மறுபடியும் எழுதியிருக்கிறார்: "வெள்ளிக்கும் செம்புக்கும் வித்தியாசம் தெரியாதவங்களுக்குக் காது இன்னும் பழகலை." பெயர் சொல்லவில்லை. எந்தத் தம்பியைச் சொல்கிறார் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளி ஒயர் போட்டால் பாட்டு மாறாது.

வெள்ளிதானே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் என்பீர்கள். ஆமாம், செம்பைவிடச் சுமார் 6 சதவீதம் அதிகம். அவ்வளவுதான். தம்பி வீட்டில் ஸ்பீக்கருக்குப் போவது 5 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். போக வர 10 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். வெள்ளி போட்டால் குறைவது 0.004 ஓம், அந்த 8 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. மின்தடை குறைந்தே ஆக வேண்டுமென்றால் எலெக்ட்ரிக்கல் கடையில் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வாங்குங்கள், அந்த வெள்ளியை மிஞ்சிவிடும். தங்கம் செம்பைவிட மோசமான கடத்தி. ஒயர் முனையில் இருக்கும் பின்னில் தங்க முலாம் பூசுவது கறுக்காமல் இருக்கத்தான், அதில் எனக்குக் குறையில்லை. வெளி இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டு உறையும் கேபிளின் அமைப்பும் முக்கியம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அது உலோகத்தின் விலையில் இல்லை.

எங்க நைனா குடியாத்தத்தில் மைக் செட் வைத்திருந்தார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குத் தெரு நீளத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். அத்தனையும் மெல்லிய செம்பு ஒயர்தான். வோல்டேஜை உயர்த்தி 100 வோல்ட் லைனில் அனுப்புவதால் ஒயரில் ஓடும் கரண்ட் குறையும், தூரம் போனாலும் இழப்பு குறைவு. ஹம் என்கிற உறுமல் சத்தம் வந்தால் எர்த்தைப் பார்ப்பார், ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தைப் பார்ப்பார், பின் லூஸா என்று பார்ப்பார். தெருமுனையில் நின்றபடியே எந்தக் குழாய் கரகரக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருக்கும் காது பழகவில்லையா?

"நாங்க கேட்டோம், வித்தியாசம் தெரிஞ்சது" என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை எந்த ஒயர் மாட்டியிருக்கிறது என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், விலையும் தெரியும். ஒயரை மாற்றிவிட்டு வால்யூமை மறுபடி வைத்தபோது அதே அளவுதானா என்று யாரும் அளக்கவில்லை. சத்தத்தின் அளவு ஒரு டெசிபல், அதாவது துளி, ஏறினாலே காதுக்குத் தெளிவு கூடியதாகத் தோன்றும். ஒயரைத் துணி போட்டு மூடி, எது எது என்று தெரியாமல் திரும்பத் திரும்பக் கேட்டுச் சொல்லுங்கள் என்று அன்றைக்கே கேட்டேன். நேரமில்லை என்றீர்கள். நேற்று அவ்வளவு நீளமாக எழுத நேரம் இருந்திருக்கிறது.

"அவன் காசு, உனக்கென்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவன் காட்பாடியில் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறவன். மாசாமாசம் எடுத்து வைத்து அந்த செட்டை வாங்கினான். அன்றைக்குப் படி இறங்கும்போது, "எனக்குத்தான் கேட்கலையோ அண்ணா?" என்று என்னிடம் கேட்டான். அடுத்த நாளே கடன் வாங்கி வெள்ளி ஒயர் எடுத்துவிட்டான். ஒருவன் தன் காதையே சந்தேகப்படும்படி பேசி அனுப்பிவிட்டு, அதை ரசனை என்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தம்பி, ஒயரைத் திருப்பிக் கொடுத்துவிடு, கடைக்கு நானும் வருகிறேன். உன் ஹாலில் வெறும் டைல்ஸ், வெறும் சுவர், அதில்தான் சத்தம் எதிரொலிக்கிறது. கனமான திரை போடு, கீழே ஜமுக்காளம் விரி, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் தள்ளு. அப்புறம் கேட்டுவிட்டுச் சொல்.