சம்பளம் கேட்காத பணிப்பெண்

(ஏதென்ஸ், கொலோனாக்கி. கோட்சானாஸ் அருங்காட்சியகம். பண்டைய கிரேக்கக் கருவிகளைப் பழைய நூல்களைப் பார்த்து மறுபடி செய்து வைத்திருக்கிறார்கள். பிரேயஸ் துறைமுகத்தில் காபியும் ஒயினும் விற்கும் சின்னக் கடைக்காரர் ஸ்தாவ்ரோஸ், தன் கடையில் 12 வருடமாகப் பரிமாறும் நிக்கோஸுடன் வந்திருக்கிறார்.)

ஸ்தாவ்ரோஸ்: டேய், இந்த அம்மா யாருடா? வலது கையில் ஜாடி, இடது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

நிக்கோஸ்: பைசாந்தியத்துப் பொறியாளர் ஃபிலோன் செய்த இயந்திரப் பணிப்பெண், முதலாளி. கி.மு. 3ஆம் நூற்றாண்டு. உள்ளங்கையில் கோப்பையை வைத்தால் ஒயின் ஊற்றுவாளாம்.

ஸ்தாவ்ரோஸ்: சம்பளம்?

நிக்கோஸ்: பலகையில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

(ஊழியர் ஒருவர் கோப்பையை வைத்துக் காட்டுகிறார். கை மெல்ல இறங்க, ஒயின் விழுகிறது. பாதி நிறைந்ததும் ஒயின் நின்று தண்ணீர் வருகிறது.)

ஸ்தாவ்ரோஸ்: அட, தண்ணீர் கலக்கவும் தெரிகிறதே! உனக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

நிக்கோஸ்: மெதுவாகப் பேசுங்கள், நம் கடை ஆட்கள் யாராவது வந்திருக்கப் போகிறார்கள்.

ஸ்தாவ்ரோஸ்: வரட்டுமே. அந்தக் காலத்தில் தண்ணீர் கலக்காமல் குடிப்பவனைத்தான் காட்டுமிராண்டி என்பார்கள். நான் பரம்பரையைக் காப்பாற்றுகிறேன். அது சரி, எப்போது நிறுத்துவதென்று இவளுக்கு எப்படித் தெரிகிறது?

நிக்கோஸ்: மார்புக்குள் காற்றுப் புகாத இரண்டு பாத்திரம். ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் அடைத்தால் உள்ளே இருப்பது கீழே விழாதே, அதே கதைதான். கோப்பை கனக்கக் கனக்கக் கை இறங்கும். முதலில் ஒயினுக்குக் காற்று வழி திறக்கும். அப்புறம் அது அடைபட்டு, தண்ணீருக்குத் திறக்கும். கோப்பையை எடுத்துவிட்டால் கை மேலே போய் எல்லாம் மூடிக்கொள்ளும்.

ஸ்தாவ்ரோஸ்: திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்.

நிக்கோஸ்: தாராளமாக. யார் கோப்பையை நீட்டினாலும் ஊற்றுவாள். காசு கேட்க மாட்டாள். பழைய பாக்கி வைத்தவன் முகமும் தெரியாது.

ஸ்தாவ்ரோஸ்: (திடுக்கிட்டு) காசு கேட்க மாட்டாளா?

நிக்கோஸ்: காசு கேட்கிறவர் அதோ அந்தப் பக்கம். அலெக்சாண்ட்ரியா ஹெரோன் எழுதிவைத்த தீர்த்தப் பெட்டி, கி.பி. முதல் நூற்றாண்டு. 5 டிராக்மா நாணயம் போட்டால் உள்ளே ஒரு தட்டில் விழும். தட்டு சாயும், அடைப்பு திறக்கும், தண்ணீர் வரும். நாணயம் சறுக்கி விழுந்ததும் நின்றுவிடும்.

ஸ்தாவ்ரோஸ்: காசு முதலில், சரக்கு அப்புறம்! இவனல்லவா வியாபாரி! இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்துவிட்டால் என் கடை தானாக நடக்கும்.

நிக்கோஸ்: பெண்ணுக்கு மாப்பிள்ளையைவிட முந்நூறு வயது அதிகம்.

ஸ்தாவ்ரோஸ்: குடும்பம் நடந்தால் போதாதா?

நிக்கோஸ்: அவருக்கு நாணயம் தெரியாது முதலாளி, எடைதான் தெரியும். அதே கனத்துக்கு இரும்பு வாஷர் போட்டாலும் வாயைத் திறப்பார். துறைமுகத்தில் வாஷருக்கா பஞ்சம்?

(ஸ்தாவ்ரோஸின் முகம் சுருங்குகிறது. பேச்சை மாற்றுகிறார்.)

ஸ்தாவ்ரோஸ்: இது என்ன, கடிகாரத்தைக் குடலோடு பிரித்துப் போட்ட மாதிரி?

நிக்கோஸ்: அந்திகிதேரா கருவி என்ற பழங்கால வானியல் இயந்திரத்தின் மாதிரி. கடற்பஞ்சு எடுக்க முங்கியவர்கள் கண்டுபிடித்த கப்பலிலிருந்து 1901இல் கிடைத்தது. அசல், தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரகணம் என்றைக்கு வரும் என்று சொல்லும். சம்பளம் என்றைக்கு வரும் என்று மட்டும் சொல்லாது. நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

(ஸ்தாவ்ரோஸுக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. அடுத்த மேசையில் ஊழியர் பித்தகோரஸ் கோப்பையில் ஊற்றிக் காட்டுகிறார். கோடு வரைக்கும் ஊற்றினால் நிற்கிறது. அதைத் தாண்டியதும், நடுத் தூணுக்குள் ஒளிந்திருக்கும் வளைந்த குழாய் வழியாகக் கடைசிச் சொட்டு வரை கீழே ஒழுகிப்போகிறது.)

ஸ்தாவ்ரோஸ்: (துள்ளி) டேய் நிக்கோஸ், நன்றாகப் பார்த்துக்கொள்! போன வாரம் சம்பளத்தைக் கூட்டித் தரச் சொன்னாயே, அதற்குப் பதில் இதோ இருக்கிறது. கோட்டைத் தாண்டி ஆசைப்பட்டால் உள்ளதும் போச்சு!

நிக்கோஸ்: சரி முதலாளி. முதலில் கோடு வரைக்கும் ஊற்றுங்கள்.