எல்லாப் பந்தயத்திலும் இரண்டு முறை நிறுத்தச் சொல்கிறார்கள்

மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் 2025ஆம் ஆண்டு நடந்த பந்தயத்தில், டயர் மாற்றுவதற்கான பிட் நிறுத்தத்தை இரண்டு முறை கட்டாயமாக்கியதால் நடந்த கூத்தைப் பார்த்த பிறகும், ஃபார்முலா 1 பந்தயங்கள் எல்லாவற்றிலும் அதையே கட்டாயமாக்கலாம் என்று பேசுகிறவர்கள், அன்று வேறு ஏதோ சானலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலும்.

ரேசிங் புல்ஸ் அணியின் லாசன் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் பின்னால் வந்தவர்களை மறித்தார். அதனால் கிடைத்த இடைவெளியில், முன்னால் போன அவருடைய அணித்தோழர் ஹஜார் இரண்டு நிறுத்தங்களையும் இடம் இழக்காமல் முடித்துக்கொண்டார். வில்லியம்ஸ் அணியின் ஆல்பனும் சைன்ஸும் அதையே ஒருவருக்கொருவர் முறைபோட்டுச் செய்தார்கள். பின்னால் மாட்டி வெறுத்துப்போன ரஸ்ஸல், சிக்கேன் என்கிற இரட்டை வளைவைக் குறுக்கே வெட்டி ஆல்பனைத் தாண்டிவிட்டு, வருகிற தண்டனை வரட்டும் என்று போனார். இவர்களில் யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். மெதுவாக ஓட்டுகிறவனுக்குப் பரிசு என்று விதியே சொல்லும்போது, அணிகள் மெதுவாகத்தான் ஓட்டும்.

அன்று என்னோடு உட்கார்ந்து பார்த்த அக்காள் மகள், “முன்னால் போகிற வண்டி ரிப்பேரா மாமா?” என்று கேட்டாள். இல்லை, அது வியூகம் என்று விளக்கத் தொடங்கினேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

‘2024இல் இதே மொனாக்கோவில், முதல் சுற்றிலேயே சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தியபோது டயரை மாற்றிக்கொண்டு, பிறகு நிறுத்தத் தேவையே இல்லாமல், முதல் பத்துப் பேரும் புறப்பட்ட வரிசையிலேயே வந்து சேர்ந்தார்களே, ஏதாவது செய்ய வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஏதாவது செய்யவேண்டும் என்பதற்காக எதையாவது செய்வதா? 2014இல் கடைசிப் பந்தயத்துக்கு இரட்டைப் புள்ளி கொடுத்தார்கள். மறு ஆண்டே அதைக் காணோம். புறப்படும் வரிசையைத் தீர்மானிக்க 2016இல் கொண்டுவந்த ‘ஒவ்வொருவராக வெளியேற்றும்’ தகுதிச் சுற்று இரண்டே பந்தயங்களில் செத்தது. ஒரு சுற்றை அதிவேகமாக ஓட்டியவருக்கு 2019இல் வந்த கூடுதல் புள்ளியும் 2025இல் போய்விட்டது. முந்த முடியாமல் போன நோய் காரில் இருக்கிறது. 2016 வரை 1.8 மீட்டராக இருந்த அகலத்தை மறு ஆண்டு 2 மீட்டராக்கினார்கள். 2008இல் 605 கிலோவாக இருந்த குறைந்தபட்ச எடை 2025இல் 800 கிலோவாகியிருந்தது. மொனாக்கோவின் தெரு அதற்கேற்ப விரியவில்லையே! 2026 விதிகள் 1.9 மீட்டருக்கும் 768 கிலோவுக்கும் இறங்கி வந்திருப்பது, நோய் எங்கே என்று அவர்களுக்கும் தெரியும் என்பதைத்தான் காட்டுகிறது. தெரிந்துகொண்டே பிட் நிறுத்தத்தில் மருந்து தேடுகிறார்கள்.

பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பிய காலத்தில் பல முறை நிறுத்தவில்லையா என்று ஒரு நண்பர் மடக்கக்கூடும். நிறுத்தினார்கள், எத்தனை முறை என்பதை அணிகளே முடிவு செய்தன. அந்த வித்தியாசத்துக்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

என்னைப் போன்றவர்களை மாற்றம் பிடிக்காத பழைய ஆட்கள் என்று ஒதுக்குவதுதான் உறுத்துகிறது. பந்தயம் இளைஞர்களுக்கு நீளமாக இருக்கிறதாம். ஃபார்முலா 1 தலைமைப் பொறுப்பில் இருக்கும் டொமெனிகாலியே சொல்கிறார். 305 கிலோமீட்டர் நீளமாம்! 2021இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் மழைக்காக மணிக்கணக்கில் காத்திருந்து, பாதுகாப்புக் காருக்குப் பின்னால் நடந்த ஊர்வலத்துக்குப் பாதிப் புள்ளி கொடுத்ததையும் பார்த்துவிட்டு, அடுத்த பந்தயத்துக்கும் வந்து உட்கார்ந்தவர்கள் நாங்கள். எங்கள் பொறுமைக்கு ஒரு மதிப்பும் இல்லையா?

இப்போது சனிக்கிழமை நடக்கும் குறும்பந்தயமான ஸ்பிரின்ட்டில் புறப்படும் வரிசையைத் தலைகீழாக்கும் யோசனையும் அடிபடுகிறது. தாராளமாகச் செய்யட்டும். தகுதிச் சுற்றிலும் மெதுவாக ஓட்டுகிறவரே கெட்டிக்காரர் என்றாகிவிட்டால், ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல பயிற்சி சனிக்கிழமைக்கு முன்பே கிடைத்துவிடும்.