மழைநீரில் வேலை செய்யாது
உள்ளங்கை வியர்வையை வீட்டிலேயே மின்சாரச் சிகிச்சையால் (தண்ணீர் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்துவது) குறைக்கலாம் என்கிறது இந்தக் கட்டுரை. உண்மைதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்குத் தேர்வுத்தாளே நனைந்துபோகும். தோல் மருத்துவர் சொல்லி வாங்கிய கருவியின் இரு தட்டுகளிலும் தண்ணீர் ஊற்றி, தட்டுக்கு ஒரு கையாக வைத்து 20 நிமிடம் உட்காருவேன். முதலில் வாரம் 3 முறை, இப்போது ஒருமுறை. மோதிரத்தைக் கழற்ற மறந்த அன்று சுரீரென்றது! பிடித்துவைத்த மழைநீரை ஊற்றிப் பார்த்தேன், பலனில்லை. தாது உப்பு குறைந்த நீரில் மின்சாரம் சரியாகப் பாயாதாம். சிட்டிகை சமையல் சோடா போட்டதும் சரியானது. பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே கூடாது என்று கட்டுரை ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். கார் பேட்டரியில் கம்பி இணைத்துச் செய்யலாம் என்று மேலே பின்னூட்டத்தில் எழுதிய அன்பரே, அந்த யோசனையைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.