மரியன் ஆண்டர்சனும் தாமதமாகத் திறந்த கதவும்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே நாளைத்தான் எழுதுகிறார்கள். 1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. கறுப்பினப் பெண் என்பதால் 'அமெரிக்கப் புரட்சியின் மகளிர்' என்ற அமைப்பு வாஷிங்டனில் தன் அரங்கை அவருக்குத் தர மறுத்தது. அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அதைக் கண்டித்து அந்த அமைப்பிலிருந்து விலகினார். ஆண்டர்சன் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று ஏறத்தாழ 75,000 பேர் முன்னிலையில் பாடினார். அந்த நாளின் பெருமையை நான் குறைக்க வரவில்லை. ஆனால் அன்று அவர் பாடிய பாடல்களைக் கவனித்தால், அரங்க மறுப்பைவிடப் பெரிய அநீதி ஒன்று கண்ணில் படும் என்பது என் கருத்து.

நாட்டுப்பற்றுப் பாடலுக்கு அடுத்து அவர் பாடியது, இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டியின் 'லா ஃபாவோரிட்டா' என்ற ஓப்பராவில், அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகத்தில், நாயகி லியோனோரா பாடும் 'ஓ மியோ ஃபெர்னாண்டோ'. கோட்டு அணிந்து, ஒலிவாங்கிகளின் முன் நின்று அவர் பாடிய அந்தப் பாட்டை, நாயகியின் வேடத்தில் பாட அவருடைய நாட்டின் முதன்மை ஓப்பரா அரங்கான நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அவரை அழைக்கவே இல்லை. மகளிர் அமைப்பாவது வாய்விட்டு மறுத்தது. அதனால் அதை எதிர்க்க முடிந்தது. மெட்ரோபாலிட்டன் வெறுமனே அழைக்காமல் இருந்தது. அழைக்காமல் இருப்பதைக் கண்டித்து யார், எதிலிருந்து விலக முடியும்?

அவரிடம் திறமை போதவில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. 1897இல் பிலடெல்பியாவில் பிறந்து, தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவருக்கு, அந்தத் தேவாலயத்தாரே காசு திரட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். ஊரிலிருந்த இசைப்பள்ளி ஒன்று நிறத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிய பெண், 1925இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு நடத்திய போட்டியில் வென்றார். 1935இல் சால்ஸ்பர்கில் அவர் பாடக் கேட்ட இத்தாலிய இசை நடத்துநர் டோஸ்கனினி, இத்தகைய குரலை நூறாண்டுக்கு ஒரு முறைதான் கேட்க முடியும் என்றார். மாஸ்கோவில் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, 'கார்மென்' ஓப்பராவின் நாயகி பாத்திரத்தைத் தம்மிடம் பயிலும்படி அழைத்தார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டர்சன் தள்ளிப்போட, 1938இல் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி காலமாகிவிட்டார்.

அவர் இயல்பிலேயே கச்சேரிப் பாடகி, நடிப்பில் பழக்கமில்லாதவர், அவருடைய கான்ட்ரால்டோ என்னும் மிகத் தாழ்ந்த பெண்குரலுக்கு ஓப்பராவில் தாய், செவிலி, சூனியக்காரி போன்ற பாத்திரங்களே மிகுதி என்று ஒரு மறுப்பு சொல்லப்படுவதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மேடையே தராத ஒருவருக்கு மேடைப் பழக்கம் எங்கிருந்து வரும்?

1955 ஜனவரி 7 அன்று, வெர்டியின் 'உன் பல்லோ இன் மாஸ்கெரா' ஓப்பராவில் குறிசொல்லும் உல்ரிகாவாக மெட்ரோபாலிட்டன் மேடையில் அவர் தோன்றினார். அழைத்தவர் அந்த அரங்கின் பொது மேலாளர் ருடால்ஃப் பிங். இசையை நடத்தியவர் டிமிட்ரி மிட்ரோபூலஸ். அந்த மேடையில் ஒரு பாத்திரத்தைப் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர் என்று வரலாறு பதிந்துகொண்டது. அப்போது அவருக்கு வயது 57. நெடுங்காலம் அவரது பிறந்த ஆண்டு 1902 என்றே அச்சாகி வந்ததால், பலர் ஐந்து வயது குறைவாகவே நினைத்திருப்பார்கள். உல்ரிகா மேடையில் இருப்பது ஒரே ஒரு காட்சியில். திரை விலகியதும், அவர் ஒரு சுரம்கூடப் பாடுவதற்கு முன்பே அரங்கம் கைதட்டி ஓயவில்லை என்றும், அதில் தம் உடல் நடுங்கி இறுகிப்போனது என்றும் அவரே பின்னாளில் எழுதினார். மெட்ரோபாலிட்டனில் உல்ரிகாவைத் தவிர வேறு பாத்திரம் எதையும் அவர் பாடவில்லை.

அந்தக் கதவு வழியே மூன்று வாரங்களுக்குள் கறுப்பினப் பாடகர் ராபர்ட் மக்ஃபெரின் வந்தார். 1961இல் கறுப்பினப் பாடகி லியோன்டைன் பிரைஸ் நாயகியாகவே வந்தார். வழி திறந்தது என்று மகிழ்வோர் மகிழட்டும், நானும் மகிழ்கிறேன். ஆனால் 'முதல் கறுப்பினப் பாடகி' என்ற பட்டத்தை அந்த அரங்கின் தாராளம்போலப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

நேரமிருப்பவர்கள் அவர் தம் நடுவயதுக்கு முன் பதிவுசெய்த, சேன்-சான்ஸின் 'சாம்சனும் டலீலாவும்' ஓப்பராவில் டலீலா பாடும் பாட்டை முதலில் கேளுங்கள்; ஆழ்ந்த கீழ்ச்சுரங்களில் அந்தக் குரல் எவ்வளவு நிதானமாக இறங்குகிறது என்று கவனியுங்கள். அதன் பிறகு 1955ஆம் ஆண்டின் உல்ரிகா பதிவைக் கேளுங்கள்.