சாட்சியெல்லாம் சரி பிரதர், என் காசு எங்கே?

கடன் வாங்கியவர் சபையில் மைக் பிடித்து, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லும்போது, கடன் கொடுத்தவர் கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த ஆகமத்தில் எழுதியிருக்கிறது?

அன்புச் சகோதரர் மேடை ஏறினார். குரல் தழுதழுத்தது. "என் கையில் ஒன்றுமில்லாதிருந்தது, ஆனாலும் கர்த்தர் எனக்கு ஒரு புது வண்டியைக் கொடுத்தார்." சபை முழுக்க அல்லேலூயா. கையில் ஒன்றுமில்லையா? என் பணம் இருந்ததே ஐயா, அது ஒன்றுமில்லாததில் சேர்த்தியா? "எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை" என்றார் அடுத்து. எனக்குத் தெரியும்! எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று என் போனிலேயே இருக்கிறது, வேண்டுமானால் திரையில் போட்டுக் காட்டுகிறேன். அப்புறம் ஒரு கவரை எடுத்து, ஸ்தோத்திரக் காணிக்கை என்று உயர்த்திக் காட்டி பெட்டியில் போட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24 சொல்கிறது. அந்தச் சகோதரன் நாலு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான்.

ஆராதனை முடிந்ததும் வெளியே பிடித்துக் கேட்டேன். தோளில் கைபோட்டு, "பிரதர், கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்னு லூக்கா 6:35-ல இருக்குல்ல" என்கிறார்! அந்த வசனம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்று. அப்படியானால் எனக்கு நீங்கள் யார் என்பதை நீங்களே ஒத்துக்கொண்டாயிற்று. கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவனுக்கு சங்கீதம் 37:21 என்ன பெயர் வைத்திருக்கிறது என்று ஒருநாளாவது திறந்து பார்த்திருப்பாரா? துன்மார்க்கன். நான் சொல்லவில்லை, தாவீது சொன்னது.

வேதாகமத்தில் வருகிற வரி வசூல்காரன் சகேயுவைப் பற்றி இதே ஆள் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டோடு பாடம் நடத்துகிறார். மரம் ஏறினான், இறங்கினான், இயேசு அவன் வீட்டுக்குப் போனார், கதை முடிந்தது. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பக் கொடுக்கிறேன் என்று சகேயு எழுந்து நின்று சொன்ன இடம் மட்டும் எப்படியோ விட்டுப்போகிறது. நாலு மடங்கெல்லாம் எனக்கு வேண்டாம் சாமி. ஒரு மடங்கு போதும். தவணையில் கொடுத்தாலும் ஸ்தோத்திரம்.

இதில் மூத்தவர் ஒருவர் வந்து, எழுபதுதரம் ஏழு மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே தம்பி என்று எனக்குப் புத்தி சொல்கிறார். மன்னிக்கிறேன் ஐயா, மன்னித்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன். கடனைக் கேட்பவனுக்கு மட்டும் பிரசங்கம், வாங்கியவருக்கு சால்வையா?

சிரிப்புதான் வருகிறது, போங்கள். கடைசியில் அவரையே முடிவு ஜெபத்துக்கும் கூப்பிட்டிருந்தார்கள். அந்த முடிவு ஜெபத்தைப் பற்றியும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. "ஆண்டவரே, வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நடக்கவிருக்கிற வாலிபர் கூட்டத்தை, அதற்கு முன்பாகவே பெயர் கொடுக்க வேண்டியவர்களை, வாகன வசதி தேவைப்படுகிறவர்களை..." யாருக்கய்யா இந்த அறிவிப்பு? ஆண்டவருக்கு நேரம் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு எத்தனை நேரம்தான் நிற்பது, கால் வலிக்கிறது.