மார்க் குறைந்தால்தான் மரவேலையா?

“படிப்பு ஏறவில்லை, மரவேலையிலாவது சேர்த்துவிடுங்கள்.” உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான தச்சு முன்பயிற்சி பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். சொல்பவருக்கு மரவேலையும் தெரியாது, அந்தப் பிள்ளையையும் தெரியாது என்பது என் எண்ணம்.

முன்பயிற்சி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: முறையான அப்ரண்டிஸ் பயிற்சியில் சேர்வதற்கு முன்னால், பள்ளியில் படிக்கும்போதே கருவிகள், அளவெடுப்பு, வரைபடம் படிப்பது, பாதுகாப்பு எல்லாவற்றையும் பழக்குவது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் இது பல வடிவங்களில் நடக்கிறது. அமெரிக்காவில் தச்சருக்கான அப்ரண்டிஸ் பயிற்சி பொதுவாக 4 ஆண்டு. வேலைத்தளத்தில் கற்பது போக, ஆண்டுக்கு 144 மணி நேர வகுப்பும் வேண்டும் என்பது அங்கே பரிந்துரை. அவ்வளவு நீளமான பாதையில் இறங்குவதற்கு முன், இது நமக்கு ஒத்துவருமா என்று 16 வயதிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு. நல்ல ஏற்பாடுதான். அதைக் கணக்கு வராதவர்களை ஒதுக்கும் இடமாக்குவதில்தான் எனக்குச் சண்டை.

ஏனென்றால் தச்சுவேலையில் முதல் நாளே கணக்குதான். 2400 மில்லிமீட்டர் பலகையில் 600 வீதம் நான்கு துண்டு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டாக 600 அளந்து, நேராகக் கோடு கிழித்து வெட்டிவிட்டு, கடைசித் துண்டு ஏன் 591 என்று முழிப்பார்கள். ரம்பத்தின் பல் ஒவ்வொரு வெட்டிலும் 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிட்டது. மூன்று வெட்டு, 9 மில்லிமீட்டர் போச்சு. கரும்பலகையில் நூறு தடவை சொன்னாலும் ஏறாதது, குட்டையாக நிற்கிற அந்தத் துண்டைக் கையில் பிடித்தால் ஏறிவிடும்.

படிக்கட்டு இன்னும் சுவாரசியம். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் 2730 மில்லிமீட்டர், 15 ஏற்றம் (ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே உள்ள உயரம்) என்றால் ஒவ்வொன்றும் 182. வகுத்தாயிற்று, சரி. அந்த அளவிலேயே, படிகளைத் தாங்கும் சாய்வுப் பலகையைப் படிப்படியாக வெட்டி நிறுத்தி, அதன்மேல் 30 மில்லிமீட்டர் கனத்தில் மிதிபலகைகளைப் பதித்தால் என்ன ஆகும்? நடுவில் எல்லாம் 182-தான். ஆனால் கீழே மிதிபலகையின் கனம் கூடி முதல் ஏற்றம் 212, மேலே அதே கனம் குறைந்து கடைசி ஏற்றம் 152. அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிகளில் ஒரே படிக்கட்டில் உயரமான ஏற்றத்துக்கும் தாழ்ந்ததற்கும் இடையே 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இங்கே 60! கால் தடுக்கி விழுவதற்கென்றே கட்டியது மாதிரி. சாய்வுப் பலகையின் அடியில் 30 மில்லிமீட்டரைச் சீவி எடுத்துவிட்டால் எல்லா ஏற்றமும் ஒன்றாகிவிடும். ஏன் மேலே இல்லாமல் அடியில் சீவ வேண்டும் என்று ஒரு மாணவரை விளக்கச் சொல்லிப் பாருங்கள். கணக்கு வராது என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து அடித்துப் பேசுவார்கள்.

இதுபோக மரத்தின் இயல்பு என்று ஒன்று இருக்கிறது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது நார் ஓடும் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. குறுக்கே, ஆண்டு வளையங்கள் ஓடும் திசையில், சராசரியாக 8 சதவீதம்வரை சுருங்கும். அகலமான மேசைப் பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்டினால் அது பிளப்பது இதனால்தான். இது அறிவியல் இல்லையென்றால் வேறு எது?

அப்புறம், பயிற்சியை நடத்துகிற விதம். முதல் வாரமே மின்ரம்பத்தைக் காட்டிப் பிள்ளைகளை அசத்துகிற வகுப்புகள் எனக்குப் பிடிக்காது. உளியையும் இழைப்புளியையும் தீட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். மொன்னை உளிதான் ஆபத்து. கூர் இல்லாததால் அழுத்துவோம், அழுத்தினால் சறுக்கும், சறுக்கினால் மறுகையில் இறங்கும். மின்சார மரவேலை இயந்திரங்களில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வேலைக்கு வைக்க அமெரிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. பதிவு பெற்ற அப்ரண்டிஸ், பயிற்சி மாணவர் என்றால் மட்டும், நேரடி மேற்பார்வையோடு, 16 வயதிலிருந்து விலக்கு உண்டு. அந்த மேற்பார்வை படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடிகிற விஷயமில்லை. தூசியும் அப்படித்தான். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தூசி உறிஞ்சி இல்லாத பட்டறையில் வளரும் பிள்ளைகளை நிறுத்துவது எந்த விதத்திலும் சரியில்லை.

பெண்பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். கூப்பிடாமல் இருக்க உருப்படியான காரணம் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

“16 வயதிலேயே பாதையைக் குறுக்கிவிடுகிறீர்கள்” என்பார்கள். இந்தப் பயம் நியாயமானது, ஒதுக்கித் தள்ள மாட்டேன். கணக்கையும் இயற்பியலையும் எடுத்துவிட்டு அந்த நேரத்தில் மரவேலையை வைத்தால் பாதை நிச்சயம் குறுகும். ஆனால் அது மரவேலையின் குற்றம் இல்லை, அட்டவணை போட்டவர் குற்றம். ஜெர்மனியில் மைஸ்டர், அதாவது தன் தொழிலில் தேர்ந்த ஆசான் என்ற தகுதி பெற்ற கைவினைஞர் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று 2009-ல் மாநிலக் கல்வி அமைச்சர்கள் கூடி முடிவெடுத்தார்கள். கதவைத் திறந்து வைக்க மனம் இருந்தால் முடிகிறது. இன்னொன்று: பயிற்சியில் சேர்ந்து, உயரத்தில் நிற்பதும் வெயிலில் வேகுவதும் நமக்கு ஆகாது என்று கண்டுபிடித்து விலகுகிற மாணவரைத் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். அப்ரண்டிஸாகச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் பள்ளியிடம் முதலில் கேட்க வேண்டியது, இங்கே கழிக்கிற மணிநேரம் பிற்பாடு அப்ரண்டிஸ் பயிற்சியில் கணக்கில் வருமா என்பது. வராது என்றால் அந்தச் சான்றிதழைச் சுவரில்தான் மாட்ட வேண்டும், பிள்ளை மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வேலைத்தளத்துக்குக் கூட்டிப்போகும் நாட்களில் யாரோடு நிற்பார்கள், என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். கொஞ்ச நாள் கூட்டிப் பெருக்குவதில் தப்பில்லை, எல்லா நாளும் அதுவே என்றால் அது இலவச ஆள். கடைசியாக, இந்த வகுப்புக்கு மாணவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். “மார்க் பட்டியலில் கீழே இருந்து” என்று பதில் வந்தால், பட்டறை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நான் அங்கே சேர்க்க மாட்டேன்.